வலது கீழ் மூலை

லோகோ வரைந்து கொடுத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெற்றதோடு பிள்ளை வளர்ந்துவிடும் என்று நினைப்பது மாதிரிதான் அது. வரைவதற்கு ஆறு வாரம் ஆகும். அதற்குப் பிறகு பெட்டி, பை, வேன், பெயர்ப்பலகை, வருஷத்துக்கு ஒரு முறை நிற மாதிரிகள் ஒட்டிய ஷேடு கார்டு, நடுநடுவே எவனோ ஒருவன் தன் இஷ்டத்துக்கு இழுத்து நீட்டிவிட்ட எழுத்தைத் திரும்பச் சுருக்குவது என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். என் கல்யாணம் நாலு வருஷம் ஓடியது. இந்தத் தையல் நூல் கம்பெனியோடு பதினாறு வருஷம் ஆகிறது. இரண்டிலும் நான் ஒரே ஆள்தான். ஆகவே குறை முழுக்க என் மேல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

நான் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. அலுவலகம் என்பது என் வீட்டின் பின்னறை. ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்பு அலமாரி. வெட்டுவதும் ஒட்டுவதும் நானே.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் காட்டினாலும் மூன்று அட்டை. மூன்றும் ஒரே அளவு, ஒரே தடிமன். முன்பக்கம் விளக்கமாக ஒரு எழுத்து இருக்காது. பின்பக்கம் பென்சிலில் ஒன்று, இரண்டு, மூன்று. நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் மூன்றிலும் அடர்த்தி ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். எதுவும் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கக் கூடாது. பிறகு வாயைத் திறக்க மாட்டேன். "இது பச்சை, இது நீலம்" என்றுகூடச் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் அப்புறம் காதுதான் தேர்ந்தெடுக்கும். "இன்னிக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வச்சுப் பாருங்க, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்பதோடு என் பேச்சு முடிந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

நூல் கம்பெனி முதலாளிக்கு இந்தப் பழக்கம் முதல் நாளே பிடித்துப்போனது. அவரைப் பற்றித் தையற்காரர்கள் நடுவே ஒரு பேச்சு உண்டு. அவர் நிறத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், எண்ணால்தான் கூப்பிடுவார். அவர்கள் நூலில் நானூற்றுச் சொச்சம் நிறம். "முன்னூத்தி எட்டு தீர்ந்துடுச்சா? அதுக்காக முன்னூத்தி ஒம்பதைத் தள்ளி விட்டுடாதே, சண்டைக்கு வருவாங்க" என்பார். அடேயப்பா, நிறம் இந்த மனுஷனுக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனியை ஆரம்பித்தவர் அவருடைய மாமனார். ஆள் பார்த்துத்தான் மகளையும் கம்பெனியையும் கொடுத்திருக்கிறார் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அந்த மகளை, அதாவது முதலாளியின் மனைவியை, கம்பெனியில் எல்லோரும் அம்மா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் அட்டைகளைக் காட்டும்போதெல்லாம் மேஜைக் கடைசியில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். தலை நிமிர்வது அபூர்வம். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, படிக்கட்டில் என்னை நிறுத்தி, "மூணாவது அழகா இருந்துச்சும்மா. ஆனா பெட்டியை அடுக்கி வச்சா கண்ணைக் குத்தும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கருத்துச் சொன்னால் எனக்கு ஆகாது. "சார் என்ன சொல்றாரோ பாப்போம்மா" என்று இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் சார் மூன்றாவதை வேண்டாம் என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இனி மூலைக் கதை. முதல் வருஷம், முதல் மூன்று அட்டைகள். கம்பெனி பெயர் ஒரு செவ்வகத்துக்குள், மூன்று நிறங்களில். மறுநாள் மூன்றும் திரும்பி வந்தன. கரும்பச்சையின் பின்னால் கையெழுத்து. அந்த அட்டையின் வலது கீழ் மூலை மட்டும் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டும் முழுசாக இருந்தன.

நான் அசந்துபோனேன். நூல் என்றால் கடைசியில் ஒரு வெட்டு. அதை இந்த மனிதர் ஒரு சொல் பேசாமல் காட்டிவிட்டாரே! அந்த வெட்டையே எடுத்து எல்லாவற்றையும் கட்டினேன். பெட்டியில் வலது கீழ் மூலை வெட்டு, பலகையில் வெட்டு, வேனின் கதவில் வெட்டு, விசிட்டிங் கார்டில் நிஜமாகவே வெட்டு. கம்பெனி அடையாளத்தை யார் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த விதிப் புத்தகத்தில் ஏழாம் பக்கம் முழுக்க இந்த மூலைதான். சாய்வு நாற்பத்தைந்து டிகிரி, அளவு உயரத்தில் எட்டில் ஒரு பங்கு, இது முதலாளியின் சொந்த யோசனை.

அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் மேஜைக் கடைசியைப் பார்த்தார். அம்மா குனிந்தபடி சிரித்தார், தோள் குலுங்கியது. பெருமையில் சிரிக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த மூலைக்காக இரண்டு வருஷம் கழித்து எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. மேடையேறி, "ஒரு வாடிக்கையாளரின் மௌனத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்" என்று பேசிவிட்டு வந்தேன். கைதட்டினார்கள்.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கத்துக்குப் போய் மாலை வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் மொத்த வியாபாரப் பெட்டிகளைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. முதலாளியின் மகள் இப்போது நிர்வாகத்தில் இருக்கிறாள். நான் வேலை ஆரம்பித்தபோது ஸ்கூல் பையோடு மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்தவள். "அக்கா, பச்சையே எத்தனை வருஷம்? ஒண்ணாவது வேற காட்டுங்களேன்" என்றாள். சரி என்று வழக்கமான கரும்பச்சை, ஒரு நீலம், ஒரு செம்பழுப்பு என்று மூன்று அட்டை செய்தேன். அடர்த்தி மூன்றிலும் ஒன்றே. சார் வாங்கி, வழக்கம்போல ஓரங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான். அட்டையின் தரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மறுநாள் செம்பழுப்பில் கையெழுத்து வந்தது.

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. பதினாறு வருஷப் பச்சை! ஆனால் கேள்வி கேட்பதில்லை என்பது என் விதியாயிற்றே. வாயை மூடிக்கொண்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். நாற்பதாயிரம் பெட்டி.

பெட்டிகள் போய் இறங்கிய அன்று மகள் போன் செய்தாள்.

"அக்கா, அப்பா எதுலக்கா கையெழுத்துப் போட்டாரு?"

"மூணாம் நம்பர். செம்பழுப்பு. ஏன்?"

"கிடங்குல எல்லார் முன்னாலயும் பெட்டியத் தட்டிக் குடுத்து, 'எத்தனை வந்தாலும் நம்ம பச்சைக்கு ஈடாகுமா'ன்னாரு. ஆளுங்க சிரிச்சுட்டாங்க. நான் 'அப்பா, இது பழுப்பு'ன்னேன். ஒரு நிமிஷம் முழிச்சாரு. அப்புறம் 'மறந்துட்டேன்'னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டாரு." அவள் குரல் உடைந்தது. "அம்மா போனதுலேர்ந்து அப்பா அப்பாவா இல்லக்கா. புத்தி தடுமாறுதோன்னு பயமா இருக்கு. திங்கக்கிழமை மாமாவும் வர்றாரு. கையெழுத்து அதிகாரத்தை எடுத்துட்டு அப்பாவ வீட்ல உக்கார வைக்கணுங்கறாரு. நீங்க வந்து மூணு அட்டை வைங்க. அப்பாவுக்குத் தெரியுதா இல்லையான்னு பாத்துடலாம்."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தன் அப்பா கட்டிய கம்பெனியை அத்தான் கையில் கொடுத்துவிட்டார்களே என்று முப்பது வருஷமாகப் பொருமிக்கொண்டிருப்பவர்.

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். கையெழுத்தான அட்டைகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன், வேண்டாமென்று வந்தவையும் கூடவே இருக்கும். இதற்கு முன் பழுப்பு எதையாவது தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று பார்க்கத்தான் எடுத்தேன். ஒன்றுமில்லை. ஒரு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது இடது ஓரத்தில் ஒரு புள்ளி மின்னியது. ஊசி ஓட்டை. அடுத்ததை எடுத்தேன், அதிலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். இந்தச் செம்பழுப்பைத் தவிர, கையெழுத்துள்ள ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. வேண்டாமென்று வந்தவற்றில் ஒன்றில்கூட இல்லை.

பழையவற்றில் முதல் வருஷ அட்டையில் மட்டும் ஓட்டை இல்லை. அதில் மூலை வெட்டப்பட்டிருந்தது.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. சார் கட்டைவிரலால் ஓரம் தடவுவது, அம்மா கையில் எப்போதும் ஊசி இருப்பது, பழுப்பைப் பச்சை என்றது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன: சாருக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரியாது. மூலையை வெட்டியது அம்மா. இதுதான் என்று அவருக்கு விரலில் தெரிவதற்காக வெட்டியிருக்கிறார். நான் அந்த மூலையை எடுத்துப் பெட்டி, பலகை, வேன் என்று ஊரெல்லாம் பரப்பி, அதற்கப்புறம் காட்டிய எல்லா அட்டையிலும் நானே மூலையை வெட்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். பாவம் அம்மா, அடையாளம் வைக்க இடமில்லாமல் ஊசிக்கு மாறியிருக்கிறார். தோள் குலுங்கச் சிரிக்காமல் வேறென்ன செய்வார்! சுவரில் என் பரிசுக் கேடயம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

சனிக்கிழமை சாரைப் பார்க்கப் போனேன். அறையில் தனியாக இருந்தார். பழைய அட்டைகளையும் செம்பழுப்பையும் மேஜையில் வைத்து, "ஓட்டையப் பாத்துட்டேன் சார்" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தைத் தடவினார். மறுக்கவில்லை.

"பொறந்ததுலேர்ந்தே இப்படித்தாம்மா. பச்சையும் பழுப்பும் எனக்கு ஒண்ணுதான். கல்யாணம் ஆகி ஒம்பதாவது நாள், ஒரு கால்ல பச்சை சாக்ஸ், ஒரு கால்ல பழுப்பு சாக்ஸ் போட்டுக்கிட்டு ஆபீசுக்குக் கெளம்பினேன். அவ ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் வந்து பாத்தா, எல்லா சாக்ஸ்லயும் உள்பக்கம் தையல். பச்சைக்கு ஒண்ணு, பழுப்புக்கு ரெண்டு. அவ்வளவுதான். கடைசி வரைக்கும் அதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே இல்ல."

"மாமனாருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா வாசப்படி ஏற விட்டிருப்பாரா? நூல்காரனுக்கு நிறம் தெரியாதுன்னு சொன்னா எவன் மதிப்பான்?" என்று சிரித்தார். "நம்பரை நெட்டுரு போட்டேன். மத்ததை அவ பாத்துக்கிட்டா. உன் அட்டை ராத்திரி எங்க வீட்டுக்கு வந்தா அவளுக்குக் கொண்டாட்டம்தான். படுக்கை மேல பரப்பி வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பாப்பா."

பதினாறு வருஷம் நான் யாருக்கு வேலை செய்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. படிக்கட்டில் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இறங்கி வந்தது நினைவுக்கு வந்தது.

"சரி சார், இந்தத் தடவை எதுக்கு அந்தப் பழுப்பு? எது பச்சைன்னு தெரியலன்னா யாரையாவது கேட்டிருக்கலாமே?" கோபமாகவே கேட்டேன்.

அவர் அந்தச் செம்பழுப்பு அட்டையை எடுத்து இடது ஓரத்தை என் பக்கம் நீட்டினார். தடவிப் பார்த்தேன். லேசாகச் சொரசொரத்தது. மொட்டை பிளேடில் வெட்டியிருக்கிறேன். என் வேலைதான்.

"அவ இல்லேன்னு தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனா தடவிக்கிட்டே வந்தேனா, விரல் அங்க நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அதை விட்டுட்டு வேற ஒண்ணை எடுக்க மனசு வரல."

அட்டையை மற்றவற்றோடு அடுக்கி வைத்தேன்.

"திங்கக்கிழமை நீ ஒண்ணும் சொல்லாதே. மறதின்னே இருக்கட்டும். வயசானா மறக்கறது சகஜம், வீட்ல உக்காந்துட்டுப் போறேன். மத்தது வெளிய வந்தா என் மச்சான் ஊரைக் கூட்டிச் சிரிப்பான். அவளையும் சேத்துச் சிரிப்பான், எங்கப்பாவ ஏமாத்திட்டாங்கன்னு."

புத்தி நல்லாயிருக்கிற ஒரு மனுஷன், புத்தி கெட்டவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வேலையை விட்டு எழுந்து போகத் தயாராக இருந்தார். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. வாக்குக் கொடுக்காமல் எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் புது பிளேடு போட்டு மூன்று அட்டை வெட்டினேன். பச்சை, நீலம், செம்பழுப்பு. பச்சையை மட்டும் தனியே எடுத்து, பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்து அளந்து, இடது ஓரத்தில் அதே இடத்தில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டேன். கையெழுத்து அதிகாரம் அவரிடமே இருக்கும், ரகசியமும் ரகசியமாகவே இருக்கும். நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே தோன்றியது.

திங்கட்கிழமை கம்பெனியின் அதே மேஜையில் நாங்கள் நாலு பேர். மாமா, கால் மேல் கால் போட்டுக்கொண்டு. மகள், கண் சிவந்து. சார், இஸ்திரி கலையாத சட்டையில். அம்மா உட்காரும் கடைசி நாற்காலி காலியாக இருந்தது, அங்கே யாரும் உட்காரவில்லை.

"என்ன அத்தான், பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆயிடுச்சு" என்றார் மாமா.

"மாமா, சும்மா இருங்க" என்றாள் மகள். "அப்பா, இதுல எதுப்பா நம்ம பச்சை? எடுத்துக் குடுங்க, போதும்."

நான் மூன்றையும் வைத்தேன். சார் முதலாவதை எடுத்தார். நீலம் என்று தெரிந்து கீழே வைத்துவிட்டார். அடுத்ததை எடுத்தார், செம்பழுப்பு. கட்டைவிரல் ஓரம் முழுக்கப் போய் வந்தது. மூன்றாவதை எடுத்தார். விரல் போனது, இடது ஓரத்தில் நின்றது. எடுத்துக் கொடுங்கள் சார், கொடுத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் தடவினார். மறுபடி முன்பக்கம். பிறகு மேஜையில் வைத்துவிட்டார்.

"இது அவ குத்தினது இல்ல" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, என்னைத் தவிர.

"அவ எப்பவும் பின்னாலேர்ந்து குத்துவா. முன்பக்கம் பரு மாதிரி எழும்பி நிக்கும். இது முன்னாலேர்ந்து குத்தியிருக்கு." என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இதுதான் பச்சைன்னு இப்ப எனக்குத் தெரியும்மா, ஆனா கண்ணால தெரியல. எனக்குப் பச்சையும் பழுப்பும் எப்பவுமே தெரியாது. மறதி இல்ல, புத்தியும் கெடல. பொறவிலேர்ந்தே இப்படி. உங்கம்மா பாத்து, ஊசியால அடையாளம் வச்சுக் குடுப்பா. நான் கையெழுத்துப் போடுவேன்."

மாமா வாயைத் திறந்தார். சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "அக்காவுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒம்பதாம் நாள்."

"எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் மாமா. மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கிக்கொண்டார்.

மகள் அட்டையைக் கையில் எடுத்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுல நான் படம் வரைஞ்சு எடுத்துட்டு வருவேனேப்பா. கலர் ரொம்பப் பிரமாதம்னு சொல்லுவீங்களே."

"ஆமா."

"அதுல மரமெல்லாம் சிவப்பா இருக்கும். வேணும்னே அடிப்பேன். நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பாக்க."

"பிரமாதமாத்தாம்மா இருந்துச்சு" என்றார் சார்.

அவள் எழுந்துபோய், காலியாக இருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டைகளைப் பொறுக்குகிற சாக்கில் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுக்குத்தான் செஞ்சே, தெரியும். ஆனா அவ குத்தினா அது குடும்பம். நீ குத்தினா அது பித்தலாட்டம். எம்மக முன்னால அதைச் செய்யக் கூடாதுன்னு பட்டுச்சு."

"தப்புதான் சார்" என்றேன். இந்த வார்த்தையை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது கிடையாது.

கையெழுத்து அதிகாரம் அவரிடமே இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள், மாமாவும் ஒத்துக்கொண்டார். நாற்பதாயிரம் பழுப்புப் பெட்டியும் விற்றுத் தீர்ந்துவிட்டது. புது ரகமா என்று கேட்டு வாங்கினார்களாம். விதிப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தை நான் திருத்தினேன். "முதலாளியின் சொந்த யோசனை" என்பதை எடுத்துவிட்டு, "முதலாளியின் மனைவி தன் கையால் வெட்டியது" என்று போட்டேன். கேடயத்தை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. நானும் மனுஷிதானே.

போன வாரம் புது ஷேடு கார்டின் மேலட்டைக்கு மூன்று அட்டை அனுப்பினேன். இப்போது ஒவ்வொன்றின் பின்னாலும் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதி அனுப்புகிறேன். ஊசிக்கு இனி வேலையே இல்லை. மறுநாள் திரும்பி வந்தது, பச்சையில் கையெழுத்து. சும்மா ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இடது பக்கத்தில் ஒரு ஓட்டை. பென்சில் முனை நுழையும் அளவுக்குப் பெரிசு, கிழிசல் வேறு. நூல் கம்பெனி வீட்டுப் பெண்ணுக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை. ஆனால் பின்னாலிருந்துதான் குத்தியிருந்தாள்.